உடனே சரி என்றார்கள்

நீ செய்தது சரியில்லை. யாராக இருந்தாலும் சரி, எந்த ஊரில் எந்த ஏசி அறைக்குள் உட்கார்ந்திருந்தாலும் சரி, நீ செய்தது அடுக்கவே அடுக்காது என்று குழந்தைவேலு மனசுக்குள் வைதுகொண்டிருந்தார். வாய்விட்டு வையத்தான் ஆசை. ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வாய்விட்டு வைதால் சிஸ்டர் வந்து கீழே போய் உட்காரச் சொல்லிவிடும், காலையிலேயே ஒரு தடவை சொல்லியாயிற்று. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, மதுரையில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், வரிசையாகத் திருகி வைத்த இரும்பு நாற்காலிகளில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. கதவுக்கு உள்ளே பவளம், அவருடைய சம்சாரம். பித்தப்பையில் கல், ஓட்டை போட்டு எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதையும் சேர்த்துத்தான் பில் போட்டார்களோ என்னவோ. எல்லாம் உன்னால் வந்தது. பேர் தெரியாத முகம் தெரியாத எவனோ ஒருவன், ஊர் ஊராக இருக்கிற ஆஸ்பத்திரிகளின் விலையையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் குவித்து, அதைச் செல்போனுக்குள் வைத்துவிட்டான். பித்தப்பைக் கல் என்று எழுதினால் போதும், மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று வரிசையாக வந்து நிற்கிறது, வெங்காய மண்டியில் மூட்டைக்கு மூட்டை விலை எழுதிக் குத்தி வைத்த மாதிரி. அது மட்டும் இல்லாதிருந்தால் அவர் திண்டுக்கல்லில் தெரிந்த டாக்டரிடமே போயிருப்பார், கேட்டதைக் கொடுத்திருப்பார், இந்நேரம் நிம்மதியாக இருந்திருப்பார். கொடுத்திருப்பாரா. சும்மா சொல்லக்கூடாது, கொடுத்திருக்க மாட்டார். அங்கேயும் பேசித்தான் இருப்பார். ஆனாலும் தெரிந்த ஆளிடம் பேசுவதற்கு ஓர் அளவு உண்டு. முகத்தைப் பார்த்துப் பேசும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியும், எதிராளியின் கழுத்து நரம்பு சொல்லிவிடும். போனுக்குக் கழுத்து ஏது.

உடனே சரி என்றார்களே. அதுதான் சுற்றிச் சுற்றி வந்து நின்றது. நாலைந்து நாளாக அது ஒன்றுதான், பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூள் மாதிரி, நாக்கு போய்ப் போய் அங்கேயே நின்றது. குழந்தைவேலுவுக்குத் திண்டுக்கல்லில் பீரோ பட்டறை, பட்டறையை ஒட்டியே கடை. பழைய இரும்புக் கடையில் தகடு பிரித்துப் போட்டுப் பிழைப்பை ஆரம்பித்தவர், படித்ததெல்லாம் அடிபட்ட இடத்தில் படித்ததுதான். முதல் வெல்டிங் மிஷினை விளாங்குடிப் பக்கம் ஒருத்தனிடம் வாங்கப் போனபோது, சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டார், கேட்டுவிட்டு அடி விழுமோ என்று ஒரு எட்டுப் பின்னால் வைத்தார், அவனோ சரிப்பா எடுத்துட்டுப் போ என்றான். பஸ்ஸில் வரும்போது அவ்வளவு கெட்டிக்காரத்தனம் தலைக்கேறியிருந்தது. மிஷின் ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை, புகைந்து நாறிப்போனது. அன்றைக்குப் படித்த பாடம்: நீ கேட்ட விலைக்கு எதிராளி முனக வேண்டும். கட்டாதுண்ணே, சத்தியமா கட்டாதுண்ணே என்று தலையில் கை வைக்க வேண்டும். நீ எழுந்து போகிற மாதிரி வாசல் வரைக்கும் போக வேண்டும், அவன் கூப்பிட வேண்டும், கூப்பிட்டும் ஒரு இழு இழுக்க வேண்டும். அப்படி முடிந்தால்தான் அது விலை. உடனே தலையாட்டினான் என்றால் பொருளில் எங்கோ ஓட்டை. இதைப் பட்டறையில் வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தவர், தன் பெண்டாட்டி வயிற்றைக் கிழிக்கிற விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார். திருச்சியில் பத்தாயிரம் கம்மியா தர்றேன்னு சொல்றாங்க என்று போனில் ஓர் அடி அடித்துப் பார்த்தார். திருச்சியில் அப்படி யாரும் சொல்லவில்லை. சும்மா எறிந்த கல். இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு மூச்சுக்கூட விடவில்லை. சரிங்க சார், அந்த ரேட்டுக்கே பண்ணிடலாம், புதன்கிழமை காலைல வெறும் வயித்தோட கூட்டிட்டு வந்துடுங்க என்றார்கள். போனை வைத்ததும் பவளத்திடம் போய், பாத்தியா என்றார். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு, பாத்தேன் பாத்தேன் என்றாள். அன்று சாயந்திரம் டீக்கடையில்கூட அந்தப் பெருமையை அளந்தார். ராத்திரி படுத்த பிறகுதான் விளாங்குடி மிஷின் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

குறைத்தார்களே, எதில் குறைத்தார்கள். அதைத்தானே கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாததா. கல்யாணச் சீருக்குப் பீரோ வாங்க வருகிறவன் பேசிப் பேசி, கடைசியில் மாமியார் வீட்டுக்காரர்களைச் சாட்சிக்கு இழுத்து, விலையை மிதித்துத் தரையோடு தரையாக்கிவிட்டு, சந்தோஷமாக முன்பணம் கொடுத்துவிட்டுப் போவான். அவன் தெருமுனை திரும்புவதற்குள் பட்டறைக்குள் ஒரு சொல் போகும், முதுகை இறக்கு. அவ்வளவுதான். முன் கதவு அதே கனம், கைப்பிடி அதே பளபளப்பு, கண்ணாடி அதே கண்ணாடி, லாக்கர் சாவி போட்டால் அதே சத்தம். முதுகுத் தகடு மட்டும் ஒரு சுற்று இளைத்திருக்கும். பீரோவின் முதுகு சுவரைப் பார்த்து நிற்பது, வீடு மாறும்போதுகூட யாரும் அதைப் பார்ப்பதில்லை. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, குறைத்த காசுக்குக் குறைத்த தகடு, ஊரில் எல்லாப் பட்டறையிலும் அதுதான் நடைமுறை. ஆனால் இப்போது அந்த நடைமுறை இந்த மூடிய கதவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தது. முந்தாநாள் அந்த டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டி, பையை எடுத்ததும் இந்தக் குழாயை ஒரு கிளிப் போட்டு மூடிடுவோம், அது உள்ளேயே இருக்கும், ஒண்ணும் செய்யாது என்று சொன்னது. உள்ளேயே இருக்கும். யாரும் பார்க்க முடியாது. அந்தக் கிளிப் எந்தக் கனம்? பத்தாயிரம் இறக்கினால் கிளிப் எவ்வளவு இளைக்கும்? அதைக் கேட்டிருக்க வேண்டும், வாய் வரைக்கும் வந்தது, பவளம் முழங்கையால் இடித்தாள், விழுங்கிவிட்டார். மயக்க மருந்தைப் பாதிப் பாதியாக ஊற்றுவார்களோ. உள்ளே விழித்துக்கொண்டு அம்மா என்பாளோ. அவள் அம்மா என்றால் இந்தக் கதவு வழியாகக் கேட்குமா. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கதவுக்கு உள்ளே எங்கோ ஒரு மிஷின் தீர்க்கமாக விட்டு விட்டு ஒலித்துக்கொண்டிருந்தது, அல்லது அது அவருடைய காதுக்குள்ளேயே இருந்ததோ. பினாயில் வாடை. அடிவயிறு வரைக்கும் இறங்குகிற ஏசிக் குளிர்.

கூட்டமே இல்லை, அது வேறு. காலையில் வந்ததிலிருந்து பார்க்கிறார், இந்த மாடியில் அவரைத் தவிர ஓர் ஆள் இல்லை. நாற்காலியெல்லாம் காலி. தள்ளுவண்டிகள் சுவரோரம் ஒன்றுக்குள் ஒன்று முகத்தைச் செருகிக்கொண்டு தூங்குகின்றன. கூட்டமில்லாத ஓட்டலில் கை நனைக்காதே என்று சின்ன வயசிலேயே தெரிந்துகொண்டவர், ஈ ஓட்டுகிற ஆஸ்பத்திரிக்குள் கட்டின பெண்டாட்டியைக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார். போனில் பார்த்தபோது நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டிருந்ததே. அந்த நட்சத்திரத்தைப் போட்டவன் யார், பார்த்து எண்ணியவன் யார். கடைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் போனை நீட்டுவார்கள். போன வாரம்கூட ஓர் அம்மா போனை மூக்குக்கு நேரே நீட்டி, இதே பீரோ இதுல எவ்வளவு கம்மியா போட்டிருக்கான் பாருங்க என்றது. அப்ப அந்த போனுக்குள்ளயே சேலையை வச்சுப் பூட்டிக்கம்மா என்று அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் அன்றைக்கு நியாயமாக இருந்தது. பத்து ஊர் சரக்கை ஒரே தட்டில் வைத்து விலையை மட்டும் காட்டினால், தகட்டைத் தட்டிப் பார்க்கிறவன் யார், கதவைத் தூக்கிப் பார்க்கிறவன் யார். அப்படிப் பேசியவர்தான், பவளம் வலியில் சுருண்டு கிடந்த ராத்திரி, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அதே மாதிரி ஒரு போனைத் தேய்த்தார். நோயாளியின் பெயர் என்று கேட்டது. பவளம் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, வெல்டிங் சூட்டில் காய்த்துப்போன கட்டைவிரலால் அவரேதான் எழுதினார். எழுதி முடித்ததும் கடகடவென்று விலைகள் வந்து கொட்டின, அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பசி வந்தது, வலியெல்லாம் மறந்து பேரத்தில் இறங்கிவிட்டார். யாருடைய வலி.

போன் அதிர்ந்தது. எடுத்தார். எடுக்காமல் இருக்க முடியவில்லை, உள்ளேயிருந்து கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று பயம்.

"வணக்கம் சார், கோயம்புத்தூர்ல இருந்து பேசறோம். பவளம் மேடத்துக்குப் பித்தப்பைக் கல்லுன்னு விசாரிச்சிருந்தீங்க. இப்ப வலி எப்படி சார் இருக்கு?"

"யாருக்கு?"

"பவளம் மேடத்துக்கு சார்."

"வலி எனக்குத்தாம்மா. வை போனை."

"சார், இந்த வாரம் எங்ககிட்ட ஒரு ஸ்பெஷல் பேக்கேஜ்..."

வைத்துவிட்டார். வைத்த கையோடு இன்னொன்று. சேலம். அதையும் துண்டித்தார். ஒரு வாரமாக இதே ரோதனை. அவர் ஒருவனிடம்தான் சொன்னார், அந்த ஒருவன் ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டான். நேற்றும் அந்த விலைப் பட்டியல்காரர்களுக்காகப் போனில் பேசும் பொண்ணிடம் கேட்டுப் பார்த்தார். தேன் மாதிரி குரல், எதற்கும் கோபப்படாத குரல், அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. ஆபரேஷன்தான் முடிவாயிருச்சே, பேரை எடுத்துருங்கம்மா என்றார். சார், நான் பேச மட்டும்தான் சார், பேரை எடுக்கிறது வேற டீம் என்றது. அப்ப அந்த டீமைக் கூப்பிடு என்றார். அவங்க நம்பர் எங்களுக்கே தெரியாது சார் என்றது. சிரித்தாளோ என்று ஒரு சந்தேகம், இல்லை, சிரிக்கவில்லை, பாவம் அதுவும் உண்மையைத்தான் சொன்னது. அதற்கும் மேலே எவனோ இருக்கிறான். எங்கோ ஒரு நோயாளிப் பட்டியலில் பவளம், வயசு, பெண், கல் என்று எழுதிக் கிடக்கிறது, அதை ஊர் ஊராகப் படிக்கிறார்கள். உயிரோடு இருக்கிறவளின் பெயரை இப்படிப் போட்டு உருட்டக்கூடாது, கண் படும் என்று அவருடைய அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள். அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே விரலை மடக்கி நாற்காலியின் இரும்பைத் தட்டினார்.

லிஃப்ட் திறந்து மாசிலாமணி வந்தான். பவளத்தின் தம்பி, பழநியில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். நெற்றி நிறைய திருநீறு, கையில் ஒரு மஞ்சள் பை, முகத்தில் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று. வந்ததும் வராததுமாக, "மாமா, இன்னிக்கு என்னா நாளுன்னு பாத்தீங்களா" என்றான்.

"புதன்கிழமை. ஏன், உனக்கு யாரும் சொல்லலையா?"

"ஆடி இருபது மாமா. கரிநாளு. போதாததுக்கு அஷ்டமி. கோயில்ல பூசாரியே கேக்குறாரு, யாருப்பா இந்த நாள்ல போயி வயித்துல கத்தி வைக்கச் சொன்னதுன்னு."

"பூசாரிக்குக் கல்லு வந்தா அவரு நல்ல நாள் பாத்துப் பண்ணிக்கட்டும். உக்காரு."

"நீங்க எல்லாத்துலயும் எடக்குத்தான். நம்ம கடையில ஆடி பொறந்தா ஒரு கிலோ மஞ்சத்தூள் வாங்குறவன்கூட யோசிப்பான். ஒரு காலண்டரைக் கிழிச்சுப் பாக்குறதுக்கு என்னா மாமா செலவு?"

"மாப்ளே, கழுத்தை அறுக்காத" என்றார் குழந்தைவேலு. ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ ஒன்று கடகடவென்று உருண்டு வந்து, சரியான துளையில் போய் விழுந்தது, லாக்கரில் சாவி பிடித்த மாதிரி. ஆடி. ஆடி மாசம். கடை வாசலில் அவரே கட்டிவிட்டு வந்திருக்கிறார் ஒரு பேனர், ஆடித் தள்ளுபடி, எல்லா பீரோவுக்கும். ஏன் கட்டினார்? ஆடியில் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லையென்றால் சீர் இல்லை, சீர் இல்லையென்றால் பீரோவை எவன் வாங்குகிறான். பட்டறையைப் பூட்டி வைத்தாலும் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அதனால் முதுகை இறக்காமலே, தகடு இளைக்காமலே விலையை இறக்குகிற ஒரே மாசம் அது. நல்ல சரக்குக் குறைந்த விலைக்குப் போகிற மாசம். வருஷா வருஷம் செய்கிற ஆள், அவருக்கே இது தோன்றவில்லை. ஆஸ்பத்திரியும் கடைதானே. ஆடியில், அதுவும் கரிநாளும் அஷ்டமியும் சேர்ந்த நாளில் யார் வந்து தேதி கேட்பார்கள்? தியேட்டர் சும்மா கிடக்கும், டாக்டர் சும்மா உட்கார்ந்திருப்பார், ஏசி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த நாளுக்கு ஓர் ஆள் கிடைத்தால் எந்த விலைக்கும் சரி என்பார்கள். முனகாமல் சரி என்பார்கள். அதுதான். அதுதான் காரணம். காலி நாற்காலிக்கும் அதுதான் காரணம். கிளிப் இளைக்கவில்லை. மயக்க மருந்தில் கை வைக்கவில்லை. குழந்தைவேலு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், காலையிலிருந்து முதல் தடவையாக முதுகு நாற்காலியில் பட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. மாசிலாமணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஆனால் சிரிப்பு நிற்கவில்லையே, நழுவிவிட்டதே. ஒரு பயத்தைக் கழற்றி வைத்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அப்படியானால் அவர் வாங்கியிருப்பது யாரும் வேண்டாமென்று ஒதுக்கி வைத்த நாளை. ஊரெல்லாம் ஒதுக்கினால் ஊரெல்லாம் முட்டாளா? இத்தனை தலைமுறை ஒரு நாளைத் தள்ளி வைத்திருக்கிறது என்றால் அந்த நாள் யாரையாவது ஏதாவது செய்திருக்காதா. பவளம் செவ்வாய்க்கிழமை நகம் வெட்டினால்கூடக் கோபித்துக்கொள்கிறவள். தினமும் காலையில் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, ராகுகாலம் எமகண்டம் பார்த்து, அதை மடித்துக் காப்பித் தம்ளருக்கு அடியில் வைக்கிறவள். அவளிடம் சொல்லவில்லையே. விலையைச் சொன்னார், நாளைச் சொல்லியிருப்பாரா? புதன்கிழமை என்று மட்டும்தான் சொன்ன ஞாபகம். தெரிந்தால் வந்தே இருக்க மாட்டாள். தெரியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கரிநாளின் வாயில் வைத்துவிட்டார். காலையில் வண்டியில் உட்கார்ந்து வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை அவள். கையை மட்டும் அவர் முழங்கால்மேல் வைத்திருந்தாள். பயத்தில் வைத்தாளா, பயப்படாதே என்று வைத்தாளா. எத்தனை மாசமாக அந்த வலியை வாயு என்றும் பசியில் இழுக்கிறது என்றும் ஓமத்தைத் தின்று வெந்நீரைக் குடித்து மறைத்தாள். கடையில் யாரும் இல்லாத நேரம் ஒரு பீரோக் கதவில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தார். என்னா என்றார். கதவு சில்லுனு இருக்குல்ல என்றாள். அதையும் நம்பினார். சரக்கைத் தட்டிப் பார்த்தே ஓட்டை எங்கே என்று சொல்கிற மனுஷன்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முன்னால் சொன்ன நேரம் தாண்டிப் போயிற்று, அது அவருக்குத் தெரிந்தது, மாசிலாமணிக்கும் தெரிந்தது, இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஒரு சிஸ்டர் வேகமாக வந்தது, என்னமோ ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனது, முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, கண்ணை வைத்து என்ன கண்டுபிடிப்பது. "சிஸ்டர்" என்றார். கதவு சாத்திக்கொண்டது. மாசிலாமணி மஞ்சள் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தான், என்ன நினைத்தானோ, பிரிக்காமல் அப்படியே நீட்டினான். வழக்கமாக அவர் வாங்க மாட்டார். வாங்கினார். கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசினார், மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரிடம் பேரம் பேசுவது இப்போது. எல்லா விலையையும் பேசி வைத்துவிட்ட மனுஷனுக்கு இங்கே பேச ஆள் இல்லை. இந்தப் பத்தாயிரத்தை எடுத்துக்கொள், இன்னும் பத்தாயிரம் எடுத்துக்கொள், கடையையும் எடுத்துக்கொள் என்று சொல்லத் தோன்றியது. யாரிடம் சொல்வது, எந்தக் கவுன்ட்டரில் கட்டுவது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கொடுக்கத் தயாராக நின்றார், வாங்க ஒருத்தரும் வரவில்லை.

விளக்கு அணைந்தது. கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தது, கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. குழந்தைவேலு எழுந்தார். எழுந்தது காலா மனசா தெரியவில்லை, மாசிலாமணி முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா முடிஞ்சுதுங்க ஐயா. இருங்க, உக்காருங்க. கொஞ்சம் நேரமாயிருச்சு, பயந்துட்டீங்களா? பை நல்லா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பிய்க்காம, கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு எடுத்தோம்." டப்பாவைக் காட்டியது. கறுப்பும் பச்சையுமாக, உருண்டையாக, ரசத்தில் ஊறிய மிளகு மாதிரி. "இதுதான் அவங்களப் படுத்தினது. மத்த நாளா இருந்தா பின்னாலேயே அடுத்த கேஸ் வந்து நிக்கும். இன்னிக்கு எங்களுக்கு இவங்க ஒருத்தர்தான். அவசரமே இல்ல."

"கிளிப்பு" என்றார் குழந்தைவேலு.

"என்னங்க?"

"அந்தக் கிளிப்பு போட்டீங்களா."

"போட்டாச்சு" என்று டாக்டரம்மா சிரித்தது. "அது எல்லாருக்கும் ஒரே கிளிப்தாங்க."

அதற்கப்புறம் என்ன பேசினார்கள் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. மாசிலாமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான், பழநி முருகா என்றான், கரிநாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி, வெயிலில் சுட்ட தகட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் உஸ் என்று ஒரு சத்தம் வந்து அடங்குமே, அந்த மாதிரி. பசித்தது. காலையில் அவரும்தான் சாப்பிடவில்லை, அவள் வெறும் வயிறு என்று அவரும் வெறும் வயிறு, அது யாருக்கும் தெரியாது. ஏசிக் குளிர் இதமாக இருந்தது. காலி நாற்காலிகள்கூட நல்ல நாற்காலிகளாகத் தெரிந்தன, கால் தகடு கனமானது, வெல்டிங் சுத்தமாக இருந்தது, போட்டவன் வேலை தெரிந்தவன்.

மத்தியானம் போல அவளை வார்டில் பார்க்க விட்டார்கள். பவளம் கண்ணை மூடிக் கிடந்தாள், உதடு காய்ந்திருந்தது, மூக்குத்தியைக் கழற்றிய இடம் வெறிச்சென்று இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது, ஆனாலும் நாடி அடித்தது, அவர் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் திறக்காமலே, "சாப்பிட்டீங்களா" என்றாள்.

"ஆச்சு."

"பொய்யி."

"நீ பேசாத. பேசக்கூடாதாம்." பிறகு அவராலேயே பேசாமல் இருக்க முடியவில்லை. "ஏத்தா. இன்னிக்குக் கரிநாளாம். எனக்குத் தெரியாது. சத்தியமா பாக்கல. மாசிலாமணி இப்பத்தான் வந்து சொல்றான்."

பவளத்தின் உதடு ஓரம் கொஞ்சம் இழுபட்டது. வலியாலா என்று குனிந்து பார்த்தார். வலி இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னாது?"

"நாளு கேட்டு அந்த வெலைப் பட்டியல்காரப் புள்ள போன் பண்ணுச்சுல்ல. நீங்க கடையில யார்கிட்டயோ கத்திக்கிட்டு இருந்தீங்க. நாந்தான் எடுத்தேன்." ஒரு மூச்சு விட்டு, நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "டாக்டருக்குக் கூட்டமே இல்லாத நாளாப் பாத்துக் குடும்மான்னேன். ஆடி இருபது காலியா இருக்கு, கரிநாளு, யாரும் வரமாட்டாங்க, பரவால்லியாம்மான்னு கேட்டுச்சு. வலிக்கிறவளுக்கு எல்லா நாளும் கரிநாள்தான், போடு தாயின்னேன்."

குழந்தைவேலு ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறந்தான் நீங்க வெலை பேசுனீங்க. ஒடனே சரின்னுட்டாங்கன்னு வந்து குதிச்சீங்க." கண்ணைக் கொஞ்சம் திறந்து அவரைப் பார்த்தாள். "நெத்தியில என்னா?"

"சும்மா. ஒன் தம்பி குடுத்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனது, வலி இல்லாத தூக்கம், நெற்றியில் அந்தச் சுளிப்பு இல்லை, எத்தனை மாசமாக அந்தச் சுளிப்பைப் பார்த்துப் பார்த்து அதுவே அவள் முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ. குழந்தைவேலு அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க விலையைக் குறைத்துத்தான் வாங்கத் தெரியும் அவருக்கு. இவள் விலையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஒரு டாக்டரின் முழு நாளை வாங்கியிருக்கிறாள், ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்க்காமல் பிரித்தெடுக்கிற நிதானத்தை வாங்கியிருக்கிறாள், அதை எந்தப் பட்டியலிலும் எவனும் எழுதி வைக்கவில்லை. அப்படி ஒரு சரக்கு இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. இவளிடமா இத்தனை வருஷமாகப் பெருமை அடித்தோம் என்று நினைத்தார், அப்படி நினைத்தபோது வெட்கமாக இல்லை, ரொம்ப நாள் கழித்து நல்ல சாப்பாடு சாப்பிட்ட மாதிரி ஓர் அலுப்பு வந்தது, அதோடு சேர்ந்து கண்ணிலும் ஏதோ வந்தது, துடைத்துக்கொண்டார்.

போன் அதிர்ந்தது. அவள் கை அவருடைய கைக்குள் இருந்ததால் இடது கையால் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், விரலெல்லாம் திருநீறு. பட்டியல்காரர்களின் நம்பர். அதே தேன் குரல். "சார் வணக்கம், பவளம் மேடத்தோட ட்ரீட்மென்ட் விஷயமா..." என்று ஆரம்பித்தது.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் கத்துவார். பட்டறையின் கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. இப்போது வாயை போனோடு ஒட்டிவைத்து, யாரோ காதில் ரகசியம் சொல்கிற மாதிரி பேசினார்.

"தாயி, நீ பேச மட்டும்தான், எனக்குத் தெரியும். அன்னிக்குக் கேட்ட நாளைக் குடுத்தியே, நீ நல்லா இருக்கணும். ஒன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்கு மேல ஒருத்தன் இருக்கான்ல, நீயும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல, ஊரு வெலையெல்லாம் பொறுக்கிப் போட்டு வச்சிருக்கானே, அவன் இதைக் கேக்குறானா? உங்க பேச்செல்லாம் பதிவாகும்னு ஆரம்பத்துல சொல்வீங்கள்ல, அப்ப கேப்பான். கேட்டுக்கடா. ஒரு வாரமா சொல்றேன், நீ எடுக்கல. அவ பேரை ஒன் பட்டியல்ல எழுதுனது நாந்தான், எடுக்கறது மட்டும் ஒன் கையில இருக்கு. அவளுக்கு இனிமே கல்லு இல்ல. வலி இல்ல. தூங்கிக்கிட்டு இருக்கா. சேலத்துக்காரனும் கோயம்புத்தூர்க்காரனும் இனி ஒருத்தனும் அவளை நோயாளின்னு சொல்லிக் கூப்பிடக் கூடாது. இதுல பேரம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. மொதல்ல அவ பேரை எடு. இன்னிக்கே எடு."